துண்டு வெட்டுமுன்

முப்பத்தைந்து வயதில் அம்மாவிடம் அடிவாங்கினேன். அதுவும் வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரிக் குசினிக்குப் பின்னால், கழுவிக் கவிழ்த்த சோற்றுக் கிடாரங்களுக்குப் பக்கத்தில், என் மகளின் கண்முன்னால். அம்மா என்னைச் சின்ன வயதில்கூடக் கைநீட்டி அடித்தவரில்லை. கன்னம் எரிந்தது பிறகுதான் தெரிந்தது. இவர் என் அம்மா மதலேனாதானா, அல்லது வேறு யாரோ அவருடைய சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்களா என்ற திகைப்புத்தான் முதலில் வந்தது.

ஏன் அடித்தார் என்று சொல்வதானால் எங்கள் குடும்பத்தின் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கேட்டால் சிரிப்பீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரியின் முன்வாசல் உள்ளே போவதற்கு மட்டும்தான். வெளியே வருவது பின்வாசலால். மற்றவர்களுக்கு வருத்தம் மாறினால், இனி வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் கையெழுத்து வைத்து ஒரு துண்டு கொடுப்பார். அதைத்தான் எங்கள் பக்கத்தில் துண்டு வெட்டுவது என்பார்கள். துண்டு வெட்டியாச்சு என்றால் நோயாளிக்கு முகம் மலரும், பக்கத்துக் கட்டில்காரர்களும் சந்தோசப்படுவார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லே ஆகாது. துண்டு வெட்டும் கதை வந்துவிட்டால் போதும், நோயாளிகளைப் பார்க்க ஆட்களை விடும் நேரத்தில் சனத்தோடு சனமாகக் கலந்து, குசினிப் பக்கத்துக் கேற்றால் ஆள் மறைந்துவிடும்.

பேதுரு மாமா கண் ஒப்பரேசன் செய்த கட்டோடு ஓடிவந்து, வீட்டுக் கண்ணாடியின் முன்னால் நின்று தானே கட்டை அவிழ்த்தார். அவிழ்க்க ஒரு கண் போதாதா என்று பெருமை வேறு. நான் லூசியாவைப் பெற்ற அடுத்த நாளே அவளைச் சேலைக்குள் வைத்து மூடிக்கொண்டு வந்தேன். வழியில் பார்த்தவர்கள் இவளுக்கு இன்னும் பிறக்கவில்லை என்று நினைத்திருப்பார்கள். துண்டு இல்லாததால் பிள்ளையின் பிறப்பைப் பதிய என் புருசன் பெனடிக்ற் கந்தோர் கந்தோராக அலைந்தார். "உங்கட குடும்பத்துக்கு வேற வருத்தம் ஒண்டும் இல்லை, தலைக்குத்தான் வைத்தியம் பாக்கவேணும்" என்று கத்தினார். அவர் சொன்னதில் பிழையில்லை.

ஆனால் பெனடிக்ற் எங்கள் வீட்டில் வளர்ந்தவரல்ல. எங்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அப்பாவின் கதை தெரியும்.

அப்பாவின் பெயர் எமிலியானுஸ். கரைவலைத் தொழில். எண்பத்தொன்பதாம் ஆண்டு, எனக்கு ஐந்து வயதும் அண்ணன் கிறகரிக்கு எட்டு வயதும் இருக்கும்போது, அவருடைய காலில் திருக்கை முள் ஏறியது. கால் வீங்கி, காய்ச்சல் பிடித்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தக் காலத்தில் எங்கள் தீவில் துவக்கோடு திரிந்தது ஒரு கூட்டம் மட்டும் இல்லை. யார் யாரென்று பிரித்துச் சொல்ல அம்மாவுக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. 'அவங்கள்' என்பார், அவ்வளவுதான்.

ஒவ்வொரு வருசமும் அப்பாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு வந்து சாப்பிட உட்காரும்போது அம்மா அந்தக் கதையைச் சொல்வார். ஒரு சொல்லும் மாறாது.

"கால் மாறிட்டுது எண்டு துண்டு வெட்டிக் கையில குடுத்தினம். முன்வாசல்ல அவங்கள் நிண்டவங்கள். துண்டை வாங்கி அதில இருந்த பேரை வாசிச்சாங்கள். 'நீயோ?' எண்டு கேட்டாங்கள். 'ஓம்' எண்டார். கொண்டு போயிட்டாங்கள். துண்டு இல்லாட்டிப் பேர் தெரிஞ்சிராது. பேர் தெரியாட்டி மனிசன் வீட்டை வந்திருக்கும்."

அப்பா வரவேயில்லை. நானும் அண்ணனும் செபமாலையோடு சேர்த்து இதையும் பாடமாக்கி வளர்ந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஊசி போடலாம், வெட்டித் தைக்கலாம், துண்டு மட்டும் வாங்கக்கூடாது. யுத்தம் முடிந்தது, துவக்குகள் போயின, தொண்ணூறில் துரத்தப்பட்ட எருக்கலம்பிட்டி முஸ்லிம் சனம் திரும்பி வந்து வீடு கட்டியது, ஆஸ்பத்திரியிலும் புதுக் கட்டடங்கள் எழும்பின. எங்கள் பயத்துக்கு மட்டும் யுத்தம் முடிந்த செய்தி போய்ச்சேரவில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அண்ணனுக்கு டெங்கு வந்தது. கோயிலில் மூன்று ஞாயிறும் அவனுடைய கல்யாண அறிவித்தல் வாசித்து முடிந்திருந்த நேரம். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. துண்டு வெட்டும் கதை எழும்பியதும் அண்ணன் வழக்கம்போலக் குசினிக் கேற்றால் கிளம்பி, தாராபுரத்து ஹலீமின் ஓட்டோவில் ஏறி, சிரித்துக்கொண்டு வந்து இறங்கினான். சோறு தின்றான். கால் உளைகிறது என்று படுத்தான். அடுத்த நாள் விடிய எழுப்பப் போனபோது அவன் உயிரோடு இல்லை.

ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிதான் கொன்றது என்று செத்தவீட்டில் எல்லாரும் பேசினார்கள். அம்மா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் நம்பினேன். அப்படி நம்பினால் யார்மேலும் கோபப்படாமல் இருக்கலாம்.

இந்த மாரியில் லூசியாவுக்கு டெங்கு வந்தது. ஒன்பது வயது, என் ஒரே பிள்ளை. பெனடிக்ற் சிலாவத்துறைப் பக்கம் வாடி போட்டுத் தங்கி மீன்தொழில் செய்துகொண்டிருந்தார். பிள்ளையை ஆஸ்பத்திரி வாட்டில் போட்டதும் போன் எடுத்தார்.

"கேள் பெற்றிசியா. துண்டு வெட்டாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தியோ, பிறகு நான் மனிசனா இருக்கமாட்டன்."

"எனக்கென்ன விசரோ?" என்றேன்.

உண்மையாகத்தான் சொன்னேன். நான் முன்பள்ளி ரீச்சர். சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கோ, நுளம்பு வராது என்று சின்னப் பிள்ளைகளுக்குக் கைதட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள். பேதுரு மாமாவின் கண்கட்டுக் கதையைச் சொல்லி ரீச்சர்மாரைச் சிரிக்கவைக்கிறவள். எனக்கு அந்தப் பயம் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காலையில் லூசியாவின் உடம்பு குளிர்ந்தது. கன்ரீனில் ரோல்ஸ் வாங்கித் தரச்சொல்லிக் கேட்டாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அப்போதுதான் நேர்ஸ் வந்து பிரசர் பார்த்தார்.

"காய்ச்சல் விட்டதெண்டு சந்தோசப்படாதேங்கோ அம்மா. இனித்தான் நாங்கள் கவனமாப் பாக்கவேணும். ரெண்டு மூண்டு நாள் பாத்திட்டுத் துண்டு வெட்டுவம்."

அவர் சொன்னதில் எனக்குக் கேட்டது கடைசி இரண்டு சொல்லும்தான்.

பக்கத்துக் கட்டிலில் எருக்கலம்பிட்டி சபூரா தன் மகனோடு இருந்தார். "அல்ஹம்துலில்லாஹ், துண்டு வெட்டப் போறாங்க தங்கச்சி" என்று என் கையைப் பிடித்தார்.

நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் முன்வாசலும், அங்கே நிற்கிறவர்களும், துண்டை வாங்கி என் பிள்ளையின் பெயரை வாசிக்கிற வாயும் என் கண்ணுக்குள் வந்து நின்றன. விசர்க்கதை என்று எனக்குத் தெரியும். முன்வாசலில் இப்போது கச்சான் கடலை விற்கிற மனிசிதான் இருக்கிறார் என்றும் தெரியும். தெரிந்து என்ன பயன்? அரை மணித்தியாலம் என்னோடு நானே சண்டை பிடித்துவிட்டு, வெளியே போய் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, லூசியாவுக்குக் காய்ச்சல் விட்டிட்டுது. துண்டு வெட்டுறதைப் பற்றிக் கதைக்கினம். நாளைக்கு மத்தியானம் ஹலீமின்ர ஓட்டோவைக் குசினிக் கேற்றடிக்குக் கொண்டு வாங்கோ."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா?"

"காய்ச்சல் விட்டிட்டுதோ?"

"ஓம் அம்மா, முழுக்க விட்டிட்டுது."

போன் துண்டிக்கப்பட்டது. ஓட்டோ பிடிக்க ஓடுகிறார் என்று நினைத்தேன். இப்படியான வேலைக்கு அம்மாதான் எங்கள் தளபதி.

அடுத்த நாள் மத்தியானம் ஆட்களை உள்ளே விடத் தொடங்கியதும் லூசியாவுக்கு நீளக்கைச் சட்டை போட்டேன். அவளுடைய கையில் சேலைன் ஏற்றுகிற ஊசி அப்படியே குத்தியபடி இருந்தது. அதை மறைக்கத்தான் அந்தச் சட்டை. சபூரா என்னை ஒருமாதிரிப் பார்த்தார். கக்கூசுக்குப் போட்டு வாறம் என்றேன்.

லூசியா நடக்கமாட்டேன் என்று சிணுங்கினாள். பஞ்சி, சோம்பல் என்று நினைத்தேன். வயிறு நோகுது என்றாள். நேற்றுத் தின்ற ரோல்ஸ் என்று நினைத்தேன். பிள்ளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே பிடித்து உலுப்பவேண்டும்போல ஆத்திரம் வருகிறது.

குசினியைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தோம். கேற் திறந்திருந்தது. நடுவில் அம்மா நின்றார். ஓட்டோ இல்லை.

"ஓட்டோ எங்க அம்மா?"

"உள்ள போ."

"என்ன?"

"பிள்ளையைக் கொண்டு உள்ள போடி!"

"என்னம்மா இது? நீங்கள்தானே சின்னனில இருந்து..."

அப்போதுதான் அந்த அடி விழுந்தது. லூசியா என் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள். கிடாரம் கழுவிக்கொண்டு நின்ற மனிசன் எங்களைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் பைப்பைப் பூட்டினான்.

"உன்ர கொப்பரை முன்வாசல்ல பிடிக்கேல்லை" என்றார் அம்மா. அப்பாவைத்தான் சொன்னார். "இதில. இந்தக் கேற்றில வைச்சுத்தான் பிடிச்சவங்கள்."

எனக்கு விளங்கவில்லை. "துண்டு வெட்டினாப் பிறகெல்லோ..."

"துண்டு வெட்டேல்லை. பின்னேரம் வெட்டுறம் எண்டு சொன்னவை. முன்வாசல்ல அவங்கள் நிக்கிறாங்கள், போறவாற ஆக்களை மறிக்கிறாங்கள் எண்டு வாட்டில கதை வந்தது. நான் பயந்திட்டன். 'பொறப்பா, துண்டு வரட்டும்' எண்டு அந்த மனிசன் சொன்னது. நான் கேக்கேல்லை. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு இதால வந்தனான்."

அம்மா கேற்றின் இரும்பைப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சையும் நிண்டவங்கள். காலைப் பாத்தாங்கள். என்ன காயம் எண்டாங்கள். திருக்கை குத்தினது எண்டார். நம்பேல்லை. பேர் கேக்கேல்லைப் பிள்ளை. ஒருத்தனும் பேர் கேக்கேல்லை. 'துண்டு எங்க?' எண்டுதான் கேட்டாங்கள்."

என் காது அடைத்துவிட்டது. அம்மாவின் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் எங்கோ தூரத்தில் இருந்து வந்தது.

"காயத்தோட ஒளிச்சுப் போறவன் ஆரா இருப்பான் எண்டு நினைச்சிருப்பாங்கள்? சண்டையில காயப்பட்ட எதிராளி எண்டுதானே? அண்டைக்குத் துண்டு வைச்சிருந்த ஆக்களை முன்வாசலால விட்டவங்கள். எல்லாரும் வீட்டை போய்ச் சேந்தவை. எல்லாரும்."

முப்பது வருசம். தப்புகிறோம் தப்புகிறோம் என்று நாங்கள் ஓடிய கேற் அப்பா பிடிபட்ட கேற். பேதுரு மாமா கண்கட்டோடு கடந்தது இதால். பிறந்து ஒரு நாளான லூசியாவைச் சேலைக்குள் வைத்து நான் கடந்தது இதால். அன்றும் அம்மா என் தோளைப் பிடித்து, கெதியா நட, கெதியா நட என்று கூடவே வந்தார். இந்த இடத்தில் கால் வைத்து நடக்க அவரால் எப்படி முடிந்தது?

"ஏன் மாத்திச் சொன்னீங்கள்?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"நான்தான் கூட்டிக்கொண்டு போய்க் குடுத்தனான் எண்டு கொப்பரின்ர தாய்க்கு என்னெண்டு சொல்லுறது? சொல்லிப்போட்டு அந்த வீட்டில என்னெண்டு சீவிக்கிறது? அண்டைக்கு ஒருக்கா மாத்திச் சொன்னன். பிறகு அதையே சொல்லவேண்டி வந்திட்டுது."

அப்போது எனக்கு மற்றது உறைத்தது. அடி விழுந்ததைவிடப் பலமாக உறைத்தது.

"அப்ப அண்ணன்?"

அம்மா கிடாரங்களின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, அண்ணன் ஓடிவந்து நிண்டபோது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்தானே?"

"அவனும் உன்னைப் போலத்தான் சொன்னவன். 'காய்ச்சல் விட்டிட்டுது அம்மா' எண்டு. டெங்குவில காய்ச்சல் விட்டாப் பிறகுதான் ஆபத்து எண்டு எனக்கு அப்ப தெரியாது. செத்தவீட்டுக்குப் பிறகு வீடு வீடா நுளம்பு பாக்க வந்த சுகாதாரத் தம்பி சொல்லித்தான் தெரியும். ஆனாலும் அவன்ர முகத்தைப் பாக்க எனக்கு மனம் சரியில்லை. திருப்பிப் போடா எண்டு சொல்ல வாய் வரைக்கும் வந்தது."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா, ஏன் எண்டு கேப்பான்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "மீன்குழம்பு வைச்சுக் குடுத்தன். வடிவாத் திண்டவன்."

அவரைப் பிடித்துத் தள்ளவேண்டும்போல இருந்தது. என் அம்மாவை, இந்தக் கேற்றிலேயே, கிடாரங்களுக்கு மேலே. ஒரு கேள்விக்குப் பயந்து அண்ணனைச் சாகவிட்ட மனிசி. என் கை எழும்பியதாகக்கூட ஞாபகம். அந்தக் கையை லூசியா பிடித்தாள்.

"அம்மா, குளிருது."

நடுமத்தியான வெயில். எனக்கு முதுகெல்லாம் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையின் கை ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த மீனைப் போல இருந்தது. உதடு வெளிறிக் கிடந்தது. நான் மரம்போல நின்றேன். அம்மாதான் முதலில் அசைந்தார். லூசியாவை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பு ஒன்று கழன்று விழ, குசினியைச் சுற்றி ஓடினார். அறுபது வயதை நெருங்கிய மனிசி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

வாட்டில் நேர்ஸ் எங்களைத் தேடிக்கொண்டு நின்றார். "எங்க போனனீங்கள்? பிரசர் பாக்கவேணும் எண்டு..." என்றவர் பிள்ளையின் கையைத் தொட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு டொக்டரைக் கூப்பிட்டார். அதன்பிறகு ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்ட அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு வேறு அறைக்குப் போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

சபூரா என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஓட்டோ கொண்டுவந்திருந்தால் இந்நேரம் தாராபுரம் தாண்டியிருப்போம். வீட்டில் கஞ்சி வைத்திருப்போம். பிள்ளை கண்ணை மூடிக் கிடப்பதைப் பார்த்து, களைத்துப்போய் நித்திரை கொள்கிறாள் என்று நான் போர்வையை இழுத்து விட்டிருப்பேன். விடிய எழுப்பப் போயிருப்பேன்.

அடுத்த நாள் பின்னேரம் டொக்டர் வந்து, தப்பிவிட்டாள் என்றார். பெனடிக்ற் வந்து சேர்ந்திருந்தார். அவரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு இனி மாற்றிச் சொல்லிச் சீவிக்க முடியாது. அவர் கத்தவில்லை. "மாமி எங்க?" என்று கேட்டார். அம்மா வாட்டுக்கு வெளியே வாங்கில் இருந்தார். சபூரா கொடுத்த தேத்தண்ணி பக்கத்தில் ஆறிப்போய் இருந்தது. நான் அவரோடு பேசவில்லை. எனக்கு அண்ணன் மீன்குழம்பு தின்றதுதான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு காலையில் நேர்ஸ் சிரித்துக்கொண்டு வந்தார். "துண்டு வெட்டியாச்சு."

என் கண் குசினிப் பக்கம் போனது. போகத்தான் செய்யும். நான் அதைப் போகவிட்டேன். துண்டை வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் துண்டு வாங்கிய முதல் ஆள் நான்தான்.

அம்மா எழுந்து வந்து கையை நீட்டினார். "தா, நான் கொண்டு வாறன்."

கொடுத்தேன். பெனடிக்ற் ஓட்டோ பிடிக்க முன்னால் போனார். நாங்கள் மூன்று பேரும் முன்வாசலுக்கு நடந்தோம். அம்மா துண்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். வாசலில் காக்கிச் சட்டை போட்ட காவலாளி ஒருவன் இருந்தான். மீசை சரியாக முளைக்காத பெடியன்.

"துண்டு எங்கம்மா?" என்றான்.

அம்மா நின்றுவிட்டார். அவன் கையை நீட்டியபடி காத்திருந்தான். அம்மா துண்டை அவன் கையில் வைத்தார். அம்மா உடனே விடாததால் அவன் இழுத்து வாங்கவேண்டியிருந்தது. அவன் பெயரை வாசிக்கவில்லை. முத்திரை இருக்கிறதா என்று பார்த்தான், திருப்பிக் கொடுத்தான்.

"சரி, போங்கோ."

"பாத்திட்டீரோ தம்பி?"

"பாத்தாச்சு அம்மா. போங்கோ."

"இவ்வளவுதானோ?"

அவன் அம்மாவை விளங்காமல் பார்த்தான். "ஓம், வேற என்ன?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

"அண்ணனும் இதால வந்திருக்கலாம் அம்மா" என்றேன்.

"ஓம்" என்றார் அம்மா. "கொப்பரும்."

பிறகு அந்த வாசலிலேயே, கச்சான்காரிக்குப் பக்கத்தில், துண்டை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். அவரைத் தூக்கிவிட என் கை எழவில்லை. லூசியா போய் அவருடைய கையைப் பிடித்தாள்.

"எழும்புங்கோ அம்மம்மா" என்றாள். "எங்களை விட்டிட்டினம்."